ஓரம் வெட்டிய நாற்பது தாள்கள்

என்ரை தங்கச்சி லண்டனுக்குப் போனது, வானத்தில் இருக்கிற கூட்டங்களைப் பார்த்து, இது அடங்கின கூட்டம், இது இன்னும் கலங்கியிருக்கிற கூட்டம் என்று பிரித்துச் சொல்லுகிற படிப்புக்கு. ஆராவது கேட்டால் அம்மா "விஞ்ஞானம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவா. நான் அப்படி முடிக்கமாட்டேன். அவள் எழுதின கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து எனக்கு அது ஓரளவு விளங்கியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்திக்கு விளங்கக்கூடிய அளவுக்கு.

எங்களைப் பெத்த ஐயா செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு ஐந்து. அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். அரியாலையில் எங்கடை வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிசின் இருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு அதில் ஏறி இருந்தேன், அவ்வளவுதான். தங்கச்சியைப் படிப்பித்தது நான் என்று சனம் சொல்லும். உண்மையில் அவள் தானாகத்தான் படித்தாள். நான் செய்தது பயப்பட்டது மட்டும். அவள் சைக்கிளில் போனால் விழுந்துவிடுவாள் என்று பயம். விழாமல் வந்தால், அப்ப நாளைக்கு விழுவாள் என்று பயம். மழை பெய்தால் தடிமன் காய்ச்சல், பெய்யாவிட்டால் வெயில்.

எண்பத்துமூன்றில், கொழும்புக் கலவரத்தில் அடிபட்ட சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினது. மாற்றுடுப்பு இல்லாமல் வந்த பெண்களுக்கு ஊரில் இருந்த தையல்காரர் எல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தோம். அளவு எடுக்க நேரமில்லை. பெரிசு, சிறிசு, நடுத்தரம் என்று மூன்று அளவு, அதோடு சரி. அந்தக் கிழமைதான் எனக்குள் ஒரு எண்ணம் இறங்கினது, வீட்டைவிட்டுத் தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஏதாவது நடக்கும் என்று. பிறகு வந்த வருஷங்கள் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிவிட்டன. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் எல்லாம் நடந்தது. ஆனால் எண்ணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

எண்பத்தேழில் அவள் போனாள். போகிறதுக்கு முதல்நாள் அவளை முன்னறையில் நிறுத்தி அளவு எடுத்தேன். தோள், நெஞ்சு, இடுப்பு, கை நீளம். எல்லாவற்றையும் அளவுக் கொப்பியில் எழுதி வைத்தேன். "இதென்ன அக்கா, சவப்பெட்டி அடிக்கப்போறியோ?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிச் சொல்லாதை என்று அளவுநாடாவால் ஒரு அடி போட்டேன்.

"படிச்சு முடிச்ச உடனை வாறன். ஒரு நாள்கூட மேலதிகமா நிக்கமாட்டன்" என்றாள்.

அம்மாவுக்கும் எனக்கும் அந்த வசனம் போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு வருஷமும் அந்த அளவுக்கு ஒரு சட்டை தைத்து அலுமாரியில் வைப்பேன். தைத்து முடித்த பிறகு, பிள்ளை மெலிந்திருந்தால் என்ன செய்வது, கொழுத்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, இரண்டு பக்கமும் பிரித்து இன்னும் கொஞ்சம் ஓரம் விட்டுத் திருப்பித் தைப்பேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய அளவு. மிச்சம் எல்லாம் நினைப்பில் தைத்ததுதான்.

முதல் பட்டம் முடிந்தது. வரவில்லை. பிறகு ஆராய்ச்சி என்றாள். தொண்ணூறில் சண்டையால் பாதை பூட்டினது. மின்சாரமும் போனது, தபாலும் ஒழுங்கில்லை. கடிதம் ஆராவது கையில் கொண்டுவந்தால்தான் உண்டு. எங்களுக்குக் கொண்டுவருகிறவர் பக்கத்து வீட்டு அண்ணை. முந்தி லொறி ஓடினவர். பாதை பூட்டின பிறகு சனத்தின்ரை கடிதங்களையும் மருந்து எழுதின துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, கிளாலியால் படகில் கடல் தாண்டி, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்வருவார். ஒவ்வொரு முறையும் போகும்போது "பிள்ளை, நான் திரும்பி வராட்டி என்ரை சைக்கிளை நீ எடு" என்பார். அந்தச் சைக்கிளுக்கு ரியூப் இல்லை.

அவளின்ரை கடிதங்கள் வந்துசேர இரண்டு மாதம், மூன்று மாதம் எடுக்கும். "நான் சுகம்" என்று எழுதியிருப்பாள். எனக்கோ, எழுதின அன்றைக்குச் சுகம், இன்றைக்கு என்ன மாதிரியோ என்றுதான் இருக்கும். இதை ஒருமுறை அவளுக்கு எழுதினேன். அதுக்கு அவள் பதில் எழுதினாள்: "அக்கா, எனக்கும் அதே பிரச்சினைதான். நான் படம் பிடிச்சு வைச்சிருக்கிற வெளிச்சம் அங்கையிருந்து புறப்பட்டது எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னம். இப்ப அது என்ன நிலையிலை இருக்கெண்டு எனக்கும் தெரியாது. உனக்கு மூண்டு மாசம்தானே, பொறுத்துக்கொள்."

அவளின்ரை வேலையை அவள் எனக்கு விளங்கப்படுத்தின விதம் இதுதான். நாங்கள் இருக்கிறது ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள். இப்படி மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரு கொத்தாய் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு மண்டலமும் ஒரு புள்ளி.

"ஒரு கலியாண வீட்டை மேலையிருந்து படம் எடுத்தனியெண்டு வை. எல்லாரும் வந்து இருந்தாப்பிறகு எடுத்தா, மணவறை நடுவிலை, சனம் அதைச் சுத்தி. அது அடங்கின கொத்து. ஆனா நீ எடுக்கிற நேரம் பாத்து ஒரு பஸ் சனம் வந்து இறங்கிச்சுதெண்டு வை. பாதிச் சனம் வாசலுக்கு ஓடும். அப்ப சனத்தின்ரை நடு ஒரு இடத்திலை, மணவறை வேறை இடத்திலை. அது கலங்கின கொத்து. கொத்து அசையிறதைப் பாக்க ஒரு மனுசற்றை ஆயுள் காணாது. எங்களிட்டை இருக்கிறது ஒரே ஒரு படம். அந்தப் படத்தை வைச்சுத்தான் சொல்லவேணும், பஸ் இப்ப வந்ததோ, வந்து கனகாலமோ எண்டு."

எல்லாவற்றிலும் பெரிய, வெளிச்சமான மண்டலம் எது என்று பார்க்கவேண்டும். அதுதான் மணவறை. பிறகு எல்லாப் புள்ளிகளின்ரையும் நடு எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே இடம் என்றால் அடங்கினது. விலகியிருந்தால் கலங்கினது. இதைவிட வேறு வழிகளும் இருக்கின்றனவாம். புள்ளிகளின்ரை ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் போகிறது என்று தெரியும். ஒரே கொத்துக்குள் இரண்டு கூட்டம் இரண்டு வேகத்தில் போனால், அவை இன்னும் ஒன்றாய்ச் சேரவில்லை. "அதெல்லாம் நான் பாப்பன். உனக்கு நடுதான்" என்று எழுதியிருந்தாள்.

இது அவள் எனக்கு ஒரு வேலை தந்தபோது எழுதினது. தொண்ணூற்றுநான்கு, ஆனி மாதம். அண்ணை ஒரு தடித்த கடித உறையைக் கொண்டுவந்து மிசினுக்கு மேல் போட்டார்.

"உன்ரை தங்கச்சி கொழும்பிலை ஒரு சிநேகிதிக்கு அனுப்பி, அவ என்னட்டைத் தந்தவ. நல்ல பாரம். காசு எண்டு நினைச்சன். தொட்டுப் பாத்தா கடுதாசி."

உள்ளே நாற்பது தாள். தாளுக்கு ஒரு கொத்து. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள், ஒரு பெரிய புள்ளி, மிச்சம் சின்னனுகள். ஓரத்தில் ஒரு இலக்கம், வடக்கு என்று ஒரு அம்புக்குறி, அளவு காட்டுகிற ஒரு கோடு, நாலு மூலையிலும் நாலு சிலுவைக்குறி. அம்மா எட்டிப் பார்த்தா.

"உதென்ன, இலையான் மொய்ச்ச கடுதாசி மாதிரி?"

"கொத்துகள் அம்மா. வானத்திலை இருக்கிறது."

"உதுக்கோ என்ரை பிள்ளை அவ்வளவு தூரம் போனவள்?"

கடிதத்தை அம்மாவுக்கு உரத்து வாசித்தேன். நாற்பதில் கொஞ்சம் உண்மையான வானத்தில் படம் பிடித்தது. மிச்சம் கணினிக்குள் செய்தது. ஒரு பெரிய கணினிக்குள் புள்ளிகளைக் கொட்டி, ஒன்றையொன்று இழுக்க விட்டால், கோடிக்கணக்கான வருஷத்தில் நடக்கிறது ஒரு கிழமையில் நடந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி ஒரு படம் எடுக்கலாம். தாங்கள் செய்த கொத்து என்றபடியால், அது எப்போது கலங்கினது, எப்போது அடங்கினது என்று அவர்களுக்கு முன்னமே தெரியும். ஆகவே, படத்தை மட்டும் பார்த்துச் சொல்லுகிற அவளின்ரை முறை சரியோ பிழையோ என்று சோதிக்கலாம். ஆனால் சோதிக்கிற ஆளுக்கு எது வானம், எது கணினி என்று தெரியக்கூடாது.

"இங்கை இருக்கிற எல்லாரும் படத்தைக் கண்ட உடனை இது இன்ன கொத்து எண்டு சொல்லிப்போடுவினம். எனக்கு ஒண்டுமே தெரியாத ஒரு ஆள் வேணும். யோசிச்சுப் பாத்தன் அக்கா. உன்னை விட்டா ஆள் இல்லை."

அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாகிவிட்டது.

கடிதத்தின் கடைசியில் இருந்ததை நான் இரண்டுமுறை வாசித்தேன். "இந்த நாற்பதும் ஐப்பசிக்குள்ளை என்ரை கையிலை கிடைச்சா, மார்கழியிலை என்ரை ஆய்வுப் புத்தகத்தைக் குடுத்திடுவன். தையிலை அம்மாவைப் பாக்க வாறன். சத்தியமா."

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தா. "அப்ப நீ உதை வேளைக்குச் செய்" என்றா.

நடு பார்க்கிற முறையையும் அவளே எழுதியிருந்தாள். தாளை மெல்லிய மட்டையில் வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசியால் குத்தவேண்டும். மட்டையில் குத்தின இடமெல்லாம் ஒரே அளவு மணி ஒட்டவேண்டும். பிறகு மட்டையை ஒரு மூலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் பாரம் கட்டின நூலையும் விடவேண்டும். நூல் விழுகிற கோட்டைக் கீறவேண்டும். இன்னொரு மூலையில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் நடு. மட்டை பாரமாக இருந்தால் மட்டையின் பாரம் பொய் சொல்லும், கவனம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள்.

சட்டையில் வேலைப்பாடு செய்ய வைத்திருந்த பாசிமணி ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. மட்டைக்கு, சேட் மடித்து வந்த பழைய பெட்டி. பாரத்துக்கு, மிசினில் நூல் சுற்றுகிற பொபின். பசைக்குக் கூப்பனுக்குக் கிடைத்த மாவைக் காய்ச்சினேன். "சாப்பிடுற மாவையோ?" என்று அம்மா கேட்டா. பிறகு தானே வந்து கிண்டிவிட்டா.

காலையில் காற்று எழும்ப முதல் செய்யவேண்டும். காற்று வந்தால் நூல் ஆடும். விடிந்தவுடன் முன்னறை யன்னல் கம்பியில் மட்டையைக் கட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அம்மாவும் தன் இழுப்பை அடக்கிக்கொண்டு நிற்பா. பொபின் ஆடி, ஆடி, நிற்கும். கோடு கீறுவேன். தாளைத் திரும்ப மட்டையில் பொருத்தி, நடுவுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி, பெரிய புள்ளிக்கு நீலத்தால் ஒரு குறி. எந்த இலக்கத் தாளில் எவ்வளவு விலகல், அடங்கினதோ கலங்கினதோ என்பதை ஒரு கொப்பித் தாளில் வரிசையாய் எழுதினேன். அடங்கினதுக்கு "அ", கலங்கினதுக்கு "க".

சட்டை போட்டுப் பார்க்க வந்த ஒரு மனுசி சுவரில் தொங்கின தாளைக் கண்டுவிட்டு, "இந்தப் பூப்போட்ட சீத்தைத் துணி எங்கை எடுத்தனீங்கள்? எனக்கும் உதிலை ரெண்டு யார் வேணும்" என்றா. கொத்து நல்ல வடிவாய்த்தான் இருந்தது. நானும் யோசித்துப் பார்த்தேன், மஞ்சள் துணியில் எடுப்பாய் இருக்கும்.

ஒரு தாள் ஞாபகம் இருக்கிறது. புள்ளிகள் வட்டமாய், பெரிய புள்ளியைச் சுற்றி, ஒரு பக்கமும் சாயாமல் இருந்தன. தொங்கவிட்டேன். நடு பெரிய புள்ளிக்கு மேலேயே விழுந்தது. நம்பாமல் இரண்டாம்தரம் தொங்கவிட்டேன். மூன்றாம்தரம் அம்மாவைக் கீறச் சொன்னேன். அதே இடம்.

"பிறகென்ன? அடங்கினதெண்டு எழுது" என்றா அம்மா.

பென்சிலை வைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது பார்க்க அடக்கமாய்த்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தால்? படத்துக்குள் விழாமல் நின்றால்? "க" என்று எழுதினேன்.

ஆவணி முடிய நாற்பதும் முடிந்தது. அண்ணை அடுத்த கிழமை போவதாகச் சொன்னார். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது. எல்லாம் ஒழுங்காய் நடக்கிறது என்று தெரிந்தவுடன் எனக்குப் பயம் பிடித்தது. அது என்ரை குணம்.

தாள்களை உறைக்குள் வைக்க எடுத்தேன். புள்ளிகள். வடக்கு என்று அம்புக்குறி. அளவுக்கோடு. இலக்கம். மூலைக்குறி. நடுவில் சிவப்புக் குறியும் நீலக் குறியும். அந்த நேரத்தில் எங்கடை பக்கத்தில் வளர்ந்த ஆருக்கும் அதைப் பார்த்தால் வானம் ஞாபகம் வராது. அது ஒரு இடத்தின்ரை வரைபடம். புள்ளி என்றால் காவலரண். சிவப்பு என்றால் அடிக்கவேண்டிய இடம். வழியில் சண்டைபிடிக்கிற இரண்டு பக்கமும் சோதித்துப் பார்ப்பார்கள். அண்ணையைப் பிடித்து வைத்தால்? அவரின்ரை மனுசிக்கு நான் என்ன சொல்லுவேன்? ரியூப் இல்லாத அந்தச் சைக்கிளை நான் எப்படி எடுப்பேன்?

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் நாலு ஓரத்தையும் வெட்டினேன். அம்பு போனது, அளவுக்கோடு போனது, மூலைக்குறிகள் போயின, இலக்கமும் போனது. தைக்கிறவள், எனக்கு நேராய் வெட்டத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே அளவு சதுரமாய் வெட்டினேன். நாற்பதையும் அடுக்கித் தட்டினபோது ஒரு தாள் கூட வெளியே தள்ளிக்கொண்டு நிற்கவில்லை. துண்டுகளை அடுப்பில் போட்டேன். இலக்க வரிசை எழுதின கொப்பித் தாளை மட்டும் மடித்து உள்ளே வைத்தேன். அதில் படம் ஒன்றும் இல்லைத்தானே. எந்தத் துணியையும் ஒரு விரல் ஓரம் விடாமல் வெட்டினதில்லை நான். அன்றைக்கு ஓரம்தான் ஆபத்து என்று நினைத்தேன்.

அண்ணை போய்ப் பத்திரமாய்த் திரும்பி வந்தார். வவுனியாவில் ஒரு ஆமிக்காரன் உறையைத் திறந்து, தாள்களை வெயிலில் பிடித்துப் பார்த்தானாம்.

"என்னெண்டு கேட்டான். சட்டைக்குப் போடுற பூ எண்டன். கொழும்பிலை துணி அடிக்கக் குடுக்கப்போறன் எண்டன். அவன் தன்ரை மனுசிக்கு உதிலை ஒண்டு நல்லாயிருக்குமோ எண்டு கேட்டான், பிள்ளை! நான் சொன்னன், மெலிஞ்ச ஆளெண்டா நல்லாயிருக்கும் எண்டு."

நான் வெட்டினதால்தான் தப்பினார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அது எனக்குத் தெரியாது. வெட்டாவிட்டாலும் தப்பியிருப்பார் போலவும் இருக்கும், சில நாளில் அப்படி இல்லைப் போலவும் இருக்கும்.

தொண்ணூற்றைந்து தை பிறந்தது. சண்டை நின்றது. பேச்சுவார்த்தை என்றார்கள். கன வருஷத்துக்குப் பிறகு சனம் சும்மா வீதியில் நின்று கதைத்தது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராய் வரத் தொடங்கினார்கள். மூன்று வீடு தள்ளி ஒரு மகன் வந்தான். முன்வீட்டில் பேரப்பிள்ளையோடு ஒரு மகள். வந்தவர்கள் கொண்டுவந்த துணியெல்லாம் என்னிடம்தான் வந்தது. அளவு எடுக்க நின்ற பெண்களின்ரை தோளைத் தொடும்போதெல்லாம், எட்டு வருஷத்தில் தோள் இவ்வளவு மாறுமோ என்று நினைப்பேன். அம்மா காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சீலை உடுத்து, வாசல் படலையடியில் கதிரை போட்டு இருந்தா. தை போனது.

மாசியில் கடிதம் வந்தது. முதல் வரியே இதுதான்:

"அக்கா, ஓரத்தை ஏன் வெட்டினாய்?"

மிச்சத்தை அவசரமாய் வாசித்தேன். நாற்பது தாளும் ஐப்பசியிலேயே அவளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இலக்கம் இல்லாமல் எது எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் வரிசையாய் எழுதின கொப்பித் தாள் எதைப் பற்றி எழுதினது என்று ஆருக்கும் தெரியாது. எது வானம், எது கணினி என்றும் தெரியவில்லை. அம்பு இல்லாதபடியால், மூலைக்குறி இல்லாதபடியால், சதுரமாய் வேறு வெட்டினபடியால், எந்தப் பக்கம் மேல் என்றும் தெரியவில்லை. கணினியில் எடுத்த கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். ஒவ்வொரு தாளையும் நாலு பக்கமும் திருப்பித் திருப்பி, கண்ணாடி மேசையில் வைத்து, ஒவ்வொன்றாய்ப் பொருத்திக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் ஒன்பது தாள் கிடக்கு. பங்குனியிலை புத்தகத்தைக் குடுத்திடுவன். சித்திரை கடைசிக்கு பிளேன் ரிக்கற் எடுத்திருக்கிறன். மூண்டு மாசம்தானே பிந்தும். அம்மாட்டைச் சொல்லு."

அதுக்குக் கீழே, கொஞ்சம் கோபம் ஆறினபிறகு எழுதினது போல, வேறு மையில்: "இன்னொண்டு. நீ தொங்கவிட்டு எடுத்த நடு, பொருத்தின தாள் எல்லாத்திலையும் கணினி சொன்ன இடத்திலைதான் விழுந்திருக்கு. மயிரிழை பிசகேல்லை. ஆனா உன்ரை கொப்பித் தாளிலை நாற்பதும் 'க'. ஒரு 'அ' கூட இல்லை. நீ உன்ரை மணியையே நம்பமாட்டியோ?"

அம்மாவிடம் சித்திரை என்று சொன்னேன். ஏன் பிந்தினது என்று சொல்லவில்லை.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கினது. அதோடு வந்தவர்கள் ஓடினார்கள். வர இருந்தவர்கள் நின்றார்கள். அவள் ரிக்கற்றை மாற்றினாள். தையிலிருந்து சித்திரை வரை ஒரு வாசல் திறந்திருந்தது. அந்த வாசல் முழுக்க அவள் ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று, நான் வெட்டின தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இதை நான் எத்தனைதரம் யோசித்திருப்பேன் என்று சொல்ல வெட்கம். ஆடியில் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். வெட்டினதையும், ஏன் வெட்டினேன் என்பதையும்.

அம்மா கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தா.

"வெட்டாம விட்டு, அவனைப் பிடிச்சு வைச்சிருந்தா?" என்றா, அண்ணையின் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு, "தண்ணி கொண்டுவா" என்றா. அதுக்குமேல் அதைப் பற்றி அவ கதைக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. "என்ன நடந்தாலும் கார்த்திகையிலை கொழும்புக்கு வாறன். ஒரு மாசம் லீவு. அங்கையிருந்து வழி பாப்பம்."

ஐப்பசி முடிவில் சண்டை கிட்ட வர, ஊரோடு எல்லாரும் எழும்பி வெளிக்கிட்டோம். அதை எழுத எனக்குத் தெரியாது, எழுதினவர்கள் இருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்தோம். மிசினின்ரை தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ஓம், அண்ணையின்ரை சைக்கிள்தான். கடைசியில் அதை எடுத்தது, அவர் பின்னால் தள்ளிக்கொண்டு வரத்தான். மிசின் தலையோடு நான் கொண்டுவந்தது அளவுக் கொப்பியும், அலுமாரியில் இருந்த எட்டுச் சட்டையில் ஒன்றும். பாசிமணிப் போத்தல் வீட்டிலேயே நின்றுவிட்டது.

கார்த்திகையில் அவள் சொன்னபடி கொழும்புக்கு வந்துவிட்டாள். இங்கே வர அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இழுப்பு. படகில் ஏறிப் போகக்கூடிய நிலையில்லை. அம்மாவை விட்டுவிட்டு நான் போகவும் முடியாது. அண்ணை போனார். அந்தச் சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

மார்கழியில் அவர் திரும்பி வந்தபோது வகுப்பறை வாசலிலேயே மறித்தேன்.

"கண்டனீங்களோ அண்ணை?"

"கண்டன், கண்டன். விடு, முதல்லை இருக்க."

"எப்பிடி இருக்கிறாள்? மெலிவோ? தோள் அகலமோ?"

"நான் என்ன பிள்ளை, அளவுநாடாவோ கொண்டு போனனான்? உன்னைப் போலத்தான். நகம் கடிக்கிறா. நான் பாலம் தாண்டின கதையைச் சொல்லச் சொல்ல பத்து விரலும் முடிஞ்சுது."

ஒரு மாதம் இருந்து, லீவு முடிந்து, அவள் திரும்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான். அவள் ஊருக்கு வந்தது பிறகு, வேறு ஒரு காலத்தில். அப்போது அம்மா இல்லை.

அண்ணை கொண்டுவந்த உறைக்குள் அந்தப் பழைய நாற்பது தாளும் இருந்தன. ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு பக்கமும் வெள்ளைக் கடுதாசிப் பட்டி ஒட்டியிருந்தாள். இலக்கம், அம்புக்குறி, அளவுக்கோடு, மூலைக்குறி எல்லாவற்றையும் கையால் திரும்பக் கீறியிருந்தாள். கூடவே புதிதாய்ப் பத்துத் தாள். கடிதம் சின்னது.

"ஆய்வுப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டிட்டினம். இது அடுத்த வேலை. அவசரமில்லை. சட்டை தோளிலை ஒரு விரல் இறுக்கம், இடுப்பிலை இரண்டு. கை நீளம் சரி. கழட்டேல்லை, அதோடைதான் பிளேனிலை போறன். ஓரத்தை வெட்டாதை."

அளவுக் கொப்பியில் எண்பத்தேழாம் ஆண்டு எழுதின வரிக்குக் கீழே புது அளவை எழுதினேன்.

மணி இல்லை. நிவாரணத்துக்குத் தந்த பயறு இருந்தது. ஒரே அளவாய்ப் பார்த்துப் பொறுக்கினேன். "இப்ப பயறும் போச்சு" என்றா அம்மா, பாயில் படுத்துக்கொண்டு. பக்கத்துக் குடும்பங்கள் காலையில் தண்ணீருக்குப் போன நேரம், வகுப்பறை யன்னலில் மட்டையைக் கட்டினேன். ஒன்பது தாளில் நடு எங்கேயோ வெறும் இடத்தில் விழுந்தது. ஒரு புள்ளியும் இல்லாத இடத்தில். பத்தாவதில் நூல் பெரிய புள்ளிக்கு நேரே நின்றது. ஒருதரம்தான் தொங்கவிட்டேன். என்ரை மனம் வழக்கம்போலச் சொன்னதை எழுதாமல், நூல் சொன்னதை எழுதினேன். "அ".

உறையை ஒட்டமுதல் அண்ணை வாங்கிப் பார்த்தார்.

"வடக்கு எண்டு அம்பு கிடக்கு, பிள்ளை."

"ஓம்."

"சிவப்புக் குறியும் கிடக்கு. வெட்டேல்லையோ?"

"இல்லை அண்ணை. பயமெண்டா விடுங்கோ. வேறை ஆளைப் பாப்பம்."

"எனக்கென்ன பயம்? அந்த ஆமிக்காரன் இன்னும் அங்கை நிண்டானெண்டா, போன வருஷத்துப் பூ எங்கை எண்டு கேப்பான்." உறையைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போனபிறகு அம்மா பாயில் இருந்தபடி கேட்டா. "எப்ப வாறாளாம்?"

"இந்த வேலை முடிய."

"அப்ப நீ வேளைக்குக் குடுத்திட்டாய்தானே?"

"ஓம் அம்மா. குடுத்திட்டன்."